தாங்கும் நிலமும் தாங்கும் சுவரும்: பேராக் மாநிலக் குடியிருப்புக் கட்டடங்களின் வரலாறு

கூரையின் பாரம் உத்திரத்தில் இறங்குகின்றது. உத்திரத்தின் பாரத்தைச் சுவர் ஏற்கின்றது. சுவரின் பாரம் கடைக்காலின் வழியே மண்ணைச் சேர்கின்றது. இவ்வழியில் ஓரிடம் தளர்ந்தாலும் அதன்மேல் உள்ள அனைத்தும் தளரும். குடிசை முதல் பல மாடிக் கட்டடம் வரை இவ்விதிக்கு விலக்கில்லை. கட்டடக் கலையில் அளவையும் ஒழுங்கையும் பழந்தமிழர் போற்றினர் என்பதற்கு நெடுநல்வாடை சான்றாகும். அரண்மனைக்கு மனை வகுக்குமுன் கோல் நட்டு, நிழல் பார்த்துத் திசை குறித்த செய்தியை அந்நூல் தருகின்றது. அம்மரபில் வந்த மக்கள் பேராக் மாநிலத்தில் எத்தகைய கட்டடங்களை எழுப்பினர், எத்தகைய வீடுகளில் வாழ்ந்தனர் என்பன ஆராயத்தக்கவை. இவ்விரு வினாக்களுக்கும் விடை ஒன்றாக அமையவில்லை என்பதே இவ்வரலாற்றின் உட்பொருள்.

பேராக்கின் மேற்குக் கரையில், பங்கோர் தீவுக்கு எதிரே அமைந்தது லூமுட். 1874ஆம் ஆண்டின் பங்கோர் உடன்படிக்கைக்குப் பின்னர் இப்பகுதி டிண்டிங்ஸ் என்னும் பெயரில் நீரிணைக் குடியேற்றங்களோடு சேர்த்து ஆளப்பட்டது. 1935இல்தான் பேராக்கிடம் மீண்டது. அதற்கும் நெடுங்காலம் முன்னரே, பதினேழாம் நூற்றாண்டில், டச்சுக்காரர் ஈயத்தைச் சேமித்துக் காக்கப் பங்கோரில் கோட்டை கட்டினர். அதன் செங்கற் சுவர்கள் இன்றும் காணக்கிடைக்கின்றன. ஆயினும் அக்காலத்துப் பொதுமக்களின் வீடுகள் மரத்தாலும் அத்தாப்பாலும் ஆனவை. இக்கரையோர மண்ணுக்கு அது பொருத்தமான அமைப்பே. ஈரக் களிமண்ணின்மேல் இலேசான வீடு நிற்கும். கனத்த சுவர் அமிழும்.

கனத்த சுவரையும் அங்கே நிறுத்தும் வழியை இப்பகுதியின் சதுப்புக் காடுகளே தந்தன. பேராக்கின் மாத்தாங் கண்டற்காடுகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் முறையாகப் பேணப்பட்டு வருவன. அங்கு வெட்டப்படும் பாக்காவ் மரங்கள் கரியாகவும் கழிகளாகவும் பயன்பட்டன. அக்கழிகளை நெருக்கமாகக் களிமண்ணில் அறைந்து, அவற்றின் தலையின்மேல் கடைக்கால் இடுவது வழக்கம். கழி பாறையைத் தொட வேண்டியதில்லை. அதன் பக்கங்களை மண் இறுகப் பற்றுவதாலேயே பாரம் தாங்கப்படுகின்றது. நிலத்தடி நீர்மட்டத்திற்குக் கீழே முழுதும் அமிழ்ந்திருக்கும்வரை அம்மரம் எளிதில் உளுத்துப்போவதில்லை. நீர்மட்டம் தாழ்ந்து காற்றுப் பட்டால் உளுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்நீரே கட்டடத்தின் காவலாக இருந்தது.

நகரங்களில் கல்வீடு பெருகியதற்குத் தீயே காரணம். கோலாலம்பூர் 1881இல் தீயாலும் வெள்ளத்தாலும் அழிந்தபின், அங்குச் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டவேண்டும் என்னும் விதி வந்தது. 1892இல் ஈப்போவின் பெரும்பகுதி தீக்கிரையாயிற்று. அதன்பின் தெருக்கள் நேராக வகுக்கப்பட்டு நகர் புதிதாக எழுந்தது. கீழே வாணிகமும் மேலே குடும்பமும் அமைந்த கடைவீட்டு வரிசைகள் அந்நகரின் முகமாயின. செட்டியார்களின் கிட்டங்கிகளும் பெரும்பாலும் இவ்வகையினவே.

கடைவீட்டின் அமைப்பு எளிமையும் நுட்பமும் உடையது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீண்ட செங்கற் சுவர்கள்; அவற்றிடையே குறுக்காக மர உத்திரங்கள்; உத்திரங்களின்மேல் பலகைத் தளம். நல்ல மரம் வளையாமல் தாங்கக்கூடிய நீளமே கடையின் அகலத்தை முடிவு செய்தது. ஆகவே பல கடைவீடுகள் 16 முதல் 20 அடி அகலமும், அதனைப்போல் பல மடங்கு ஆழமும் கொண்டிருந்தன. நடுவே திறந்த முற்றம் ஒளியும் காற்றும் தந்தது. முன்புறம் மேல்மாடியைத் தூண்கள் தாங்க, அதன் கீழே மக்கள் வெயிலும் மழையும் படாமல் நடக்க ஐந்தடிப் பாதை அமைந்தது. 1822இல் சிங்கப்பூருக்கு இராபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் இடம்பெற்ற இவ்வழக்கம் பின்னர் மலாயா முழுவதும் பரவியது.

இரண்டு கடைகளுக்கு இடையே உள்ள பொதுச்சுவர் இருபுறத்து உத்திரங்களையும் தாங்குகின்றது. வரிசையில் ஒரு கடையை மட்டும் இடித்தால், ஒருபுறத் துணையை இழந்த சுவர் மழையில் நனைந்து சாயத் தொடங்கும். அயலாரின் வீடு நிற்கத் தன் வீடும் நிற்க வேண்டும் என்பது இங்கே அறவுரையாக அன்றிக் கட்டட விதியாகவே அமைந்துவிட்டது.

நிலத்தை அறியாது எழுப்பியதன் விளைவைத் தெலுக் இந்தானின் சாய்ந்த கோபுரம் இன்றும் காட்டி நிற்கின்றது. 1885இல் கட்டப்பட்ட அதன் உயரம் ஏறத்தாழ 25 மீட்டர். வெளித்தோற்றத்தில் எட்டு அடுக்குகள். உள்ளே மூன்று தளங்களே. நகருக்கு நீர் வழங்கும் தொட்டி மேலே வைக்கப்பட்டது. நீரின் பெரும்பாரம் உயரத்தில். அடியிலோ இளகிய மண். கட்டிய சில ஆண்டுகளிலேயே கோபுரம் ஒருபுறம் சாய்ந்தது. சுவரில் குறையில்லை, ஆதலின் இடிந்து விழவில்லை. குறை மண்ணில் இருந்தது. ஆதலின் நிமிரவும் இல்லை.

தமிழர் கைத்திறனுக்குப் பேராக்கில் சிறந்த சான்று பத்து காஜாவுக்கு அருகில் உள்ள கெல்லி மாளிகை. வில்லியம் கெல்லி சுமித் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுத் தோட்ட முதலாளி, 1915இல் தொடங்கிய இம்மாளிகைக்காகச் சென்னை மாகாணத்திலிருந்து 70 தமிழ்த் தொழிலாளரை வரவழைத்தார் எனக் கூறப்படுகின்றது. செங்கல்லும் பளிங்கும்கூட இந்தியாவிலிருந்து வந்தன என்பர். பணி நடந்தபோது ஸ்பானியக் காய்ச்சல் பரவித் தொழிலாளர் பலர் மாண்டனர். தொழிலாளரின் வேண்டுகோளுக்கிணங்க அவர் மாரியம்மன் கோயில் ஒன்றைக் கட்டித் தந்தார். அதன் கூரைமேல் தெய்வ உருவங்களிடையே அவருடைய உருவமும் இடம்பெற்றது. 1926இல் அவர் லிஸ்பனில் இறக்க, மாளிகை முற்றுப்பெறாமல் நின்றது. வளைவுகளும் கோபுரமும் ஒரு நூற்றாண்டு மழையைத் தாங்கி நிற்கின்றன. எழுப்பியவர்களின் பெயர்களை மக்கள் அறியார்.

அவ்வளவு உறுதியான கட்டடங்களை எழுப்பிய இனத்தார் தாம் வாழ்ந்த வீடுகளை நோக்குவோர் நெஞ்சு வருந்தும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகியபோது, கங்காணிகளின் வழியாகத் தமிழ்த் தொழிலாளர் வந்து குவிந்தனர். அவர்களுக்கு லயன்கள் அமைந்தன. நீண்ட ஒரே கூரை. அதன்கீழ் வரிசையாக அறைகள். அறைக்கு ஒரு குடும்பம். இடையில் இருந்தது பெரும்பாலும் மெல்லிய பலகைத் தடுப்பே; கடைவீட்டின் பொதுச்சுவரைப்போல் பாரம் தாங்கும் சுவர் அன்று. ஒரு வீட்டின் பேச்சு மறு வீட்டிற்குக் கேட்டது. ஓரறையில் பற்றிய தீ வரிசை முழுவதையும் அச்சுறுத்தியது. 1912, 1923 ஆகிய ஆண்டுகளின் தொழிற்சட்டங்கள் தொழிலாளருக்கு வீடமைத்துத் தரும் கடமையை முதலாளிமார்மேல் சுமத்தின. நாடு விடுதலை பெற்றபின் 1966இல் தொழிலாளர் வீடுகளின் குறைந்த அளவுத் தகுதிகளை வரையறுக்கும் சட்டம் வந்தது. 1990இல் அதன் இடத்தைப் புதிய சட்டம் பெற்றது.

சட்டங்கள் சுவரையும் கூரையையும் திருத்தின, உரிமையைத் தரவில்லை. லயன் வீடு தோட்டத்திற்கு உரியது. வேலை போனால் வீடும் போகும். 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது இவ்வுண்மை கொடுமையாக வெளிப்பட்டது. பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது இந்நெருக்கடியின் நடுவிலேயாகும். தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்குவது அதன் நோக்கம். வீட்டுக்குக் கடைக்கால் மண்ணில் மட்டும் இருந்தால் போதாது, நிலப்பட்டாவிலும் இருக்க வேண்டும் என்பதை அம்முயற்சி உணர்த்தியது.

தோட்டத்தை விட்டு நகருக்கு வந்தோர் புதுவகைக் கட்டடங்களைக் கண்டனர். கம்பிக் கற்காரை வந்தபின் கட்டடத்தின் இலக்கணமே மாறியது. முன்பு சுவர் தாங்கிற்று. இப்பொழுது தூணும் உத்திரமும் தாங்குகின்றன. சுவர் வெறும் மறைப்பாயிற்று. கற்காரை அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. இழுப்பை ஏற்க உள்ளே இரும்புக் கம்பி வைக்கப்படுகின்றது. கீழே கடைகளும் மேலே வீடுகளும் அமைந்த கட்டடங்களில் ஒரு சிக்கல் உண்டு. கடைக்கு அகன்ற இடம் வேண்டும். வீட்டுக்குச் சிறு அறைகள் போதும். மேல்மாடித் தூண் கீழே தொடராத இடத்தில் அதன் பாரத்தைப் பெரிய உத்திரம் ஒன்று பக்கத்துத் தூண்களுக்கு மாற்றித் தரவேண்டும். கணக்கறியாதவர் கடையை அகலமாக்கக் கருதித் தூணைச் செதுக்கினாலும் உத்திரத்தை உடைத்தாலும், மேலே உறங்கும் குடும்பங்களின் உயிரோடு விளையாடுவதாகும்.

ஈப்போ வட்டாரத்தில் நிலமும் எச்சரிக்கை தருகின்றது. கிந்தாச் சமவெளியின் அடியில் உள்ள சுண்ணாம்புப் பாறை மேடும் பள்ளமும் குகையுமாக அமைந்தது. ஒரு முளை சிறிது ஆழத்திலேயே பாறையைத் தொட, அடுத்த முளை பன்மடங்கு ஆழம் செல்லவேண்டியிருக்கும். ஈயம் எடுத்தபின் விடப்பட்ட நிலத்திலோ மணலும் சேறும் கலந்து கிடக்கின்றன. துளையிட்டு மண்ணை ஆராயாமல் அங்கு வீடு கட்டலாகாது.

1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டமும் 1984ஆம் ஆண்டின் சீரான கட்டட விதிகளும் இத்துறையை ஒழுங்குபடுத்தின. ஆயினும் 1993 டிசம்பர் 11ஆம் நாள் சிலாங்கூரில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிகளுள் ஒன்று சாய்ந்து 48 பேர் மாண்டனர். கட்டடத்தின் பின்னிருந்த சரிவில் மழைநீர் முறையாக வடியவில்லை. தடுப்புச் சுவர்கள் தாங்கவில்லை. சரிந்த மண் பக்கவாட்டில் தள்ள, அதனைத் தாங்குமாறு அமையாத கடைக்கால் தோற்றது. கட்டடத்தைக் காப்பது அதன் எல்லைக்குள் மட்டும் முடிவதன்று என்பதை நாடு பெருவிலை கொடுத்துக் கற்றது.

இன்று தமிழ்ப்பள்ளிகளில் பயில்வோருள் லயன் வீட்டில் வாழ்ந்தோரின் பேரப்பிள்ளைகள் பலர். பாரம் எவ்வழியே மண்ணை அடைகின்றது என்பதைக் கணிதமும் அறிவியலும் கற்பிக்கும். எவருடைய வீடு எவருக்கு உரியதாயிருந்தது என்பதை வரலாறு கற்பிக்கும். கட்டடப் பொறியாளராக உயரும் தமிழ் மாணவனுக்கு இரண்டும் தேவை. பிறருக்காகச் சுண்ணாம்பும் செங்கல்லும் சுமந்தோரின் வழித்தோன்றல்கள், வரைபடத்தில் கையொப்பமிடும் பொறுப்பை ஏற்கும்போது, அவ்வரைபடத்தின்கீழ் வாழப்போகும் எளிய குடும்பத்தை நினைவில் கொள்வார்களாக. பெயர் அறியப்படாத முன்னோருக்கு அவர்கள் செய்யத்தக்க கைம்மாறு அதுவே.