சாந்தோமும் சவுக்கு விறகும்

தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் நடுக்கத்தோடு சொல்லிவந்த 1876-78 காலத்துக் கொடும் பஞ்சத்தின்போது, பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வந்து குவிந்த ஏழை ஜனங்களுக்குக் கூலி கொடுத்து, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும்படி வெட்டுவிக்கப்பெற்ற கால்வாய், அன்றைய கவர்னராகிய பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரைத் தாங்கி, சாந்தோமுக்கு மேற்கே மயிலாப்பூரை ஊடுருவிச் செல்கிறது. வடக்கே நெல்லூர்ச் சீமையிலிருந்தும் ஸ்ரீஹரிகோட்டைத் தீவிலிருந்தும் படகேறிப் பட்டணத்துக்கு வந்த சரக்குகளுள் விறகு பிரதானமான ஒன்று. ஆஸ்திரேலியா முதலிய தேசங்களுக்குரிய சவுக்கு மரம், 19ஆம் நூற்றாண்டில் நம் கிழக்குக் கடற்கரை மணலில் பயிராகி, சில வருஷங்களிலேயே வெட்டுக்கு வந்துவிடும் சௌகரியத்தினால் சென்னையின் அடுப்புகளையெல்லாம் ஆட்கொண்டது. விறகுத் தொட்டிகளில் வீசையாகவும், எட்டு வீசை கொண்ட மணங்காகவும் நிறுத்து விற்ற அக்கட்டைகளை ஏற்றிய வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றதும் பிள்ளைகளின் வேலை ஆரம்பமாகிவிடும்.

விறகை அடுக்குவதற்கும் ஒரு சாஸ்திரம் உண்டு. ஐப்பசி அடைமழைக்கு முன்பே, பிளந்த கட்டைகளை வெயிலில் நன்றாக உலர்த்தி, கறையான் ஏறாதபடி செங்கல்லின்மீது ஒரு வரிசை நெடுக்காகவும் அதன்மேல் ஒரு வரிசை குறுக்காகவும் காற்றோட்டத்துக்கு இடம்விட்டு அடுக்கி, அடுப்பு மூட்டுவதற்கு வேண்டிய சிராயையும் சுள்ளியையும் கைக்கெட்டும் உயரத்தில் தனியே வைக்க வேண்டும். தேள் புகுந்திருக்கும் என்பதால் எடுக்கும் கட்டை ஒவ்வொன்றையும் தரையில் ஒரு தட்டுத் தட்டியே எடுக்க வேண்டும். எந்தப் புஸ்தகத்திலும் இல்லாத இந்த ஞானத்தைப் பெரியவர்களோடு கூட நின்று கட்டை எடுத்துக் கொடுத்தே குழந்தைகள் கற்றார்கள்.

இவ்வழக்கத்துக்குப் புராதனமான கௌரவமும் உண்டு. தந்தை இன்னாரென்று அறியாத சத்தியகாமன் மெய்யையே சொன்னபோது, ஹோம விறகாகிய சமித்துக் கொண்டுவா, உபநயனம் செய்விக்கிறேன் என்று கௌதமர் பணித்ததாகச் சாந்தோக்ய உபநிஷத்து கூறுகிறது. சாந்தீபனி முனிவரின் பத்தினி சொற்படி விறகு கொணரக் காட்டுக்குச் சென்ற கண்ணனும் குசேலரும் புயல்மழையில் சிக்கி இரவெல்லாம் அலைந்த கதையைப் பாகவதம் சொல்கிறது. மயிலாப்பூர்த் திண்ணைகளில் இக்கதைகளைக் கேட்ட சிறுவர்கள் விறகு சுமப்பதைக் குருகுல வாசத்தின் ஓர் அங்கமாக எண்ணியிருக்கக்கூடும்.

ஆயினும் கச்சேரி ரோடு வழியே கிழக்கே நடந்து கடற்கரைக் குப்பங்களை அடைந்தால் காட்சி வேறு. அங்கே அடுக்குவதற்கு விறகு ஏது? தென்னை மட்டை, பாளை, பன்னாடை, கொட்டாங்கச்சி, சவுக்குத் தோப்பின் சருகு, மழைக்காலத்தில் அடையாற்று முகத்துவாரம் ஒதுக்கிவிடும் கட்டை ஆகியவற்றைப் பொறுக்கி வந்தால்தான் உலை கொதிக்கும். பொறுக்கும் பொறுப்பு பெரும்பாலும் பெண் குழந்தையின் தலையில் விழுந்தது. தாய் மீன் கூடையோடு தெருத்தெருவாய்ப் போகையில், மகள் இடுப்பில் தம்பியையும் கையில் கோணிப்பையையும் கொண்டு புறப்படுவாள். அடுக்கிய பிள்ளைக்கு அது விடுமுறை நாள் உற்சாகம். பொறுக்கிய பிள்ளைக்கோ அது அன்றாடக் கடமை. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, அந்தக் காலத்துப் பிள்ளைகள் எவ்வளவு உழைத்தார்கள் என்று புகழ்வது நியாயமாகாது என்பது என் துணிபு.

1953இல் ராஜாஜி கிராமப் பள்ளிகளில் புகுத்திய திட்டம், மூன்று மணி நேரப் படிப்பும் எஞ்சிய வேளையில் பெற்றோரின் தொழிற்பயிற்சியும் என்று வகுத்தபோது, குலக்கல்வி என்று எழுந்த எதிர்ப்பு அதனை வீழ்த்தியது; மறுவருஷம் காமராஜர் அதைக் கைவிட்டார். அத்திட்டம் சாந்தோமைத் தொடவில்லை. ஆனால் பிற்பகல் முழுவதும் பிள்ளையை வீட்டில் விட்டால், ஏழை வீட்டில் அது தொழில் பயில்வதில் கழியாது, சுள்ளிக்கும் தண்ணீருக்குமே போகும் என்பதைக் குப்பத்துத் தாய்மார் யாரும் அறிவர்.

பின்பு ரேஷன் மண்ணெண்ணெய் வந்தது. சமையல் எரிவாயு வந்தது. 1960களின் புயல்களில் சேதமுற்ற கால்வாயில் படகுப் போக்குவரத்து க்ஷீணித்து மறைந்தது; 1997இல் திருமயிலை வரை வந்த பறக்கும் ரயிலின் தூண்கள் அதன் நீரிலேயே ஊன்றி நிற்கின்றன. ஹோமத்துக்கு வேண்டிய சமித்து மயிலாப்பூர் நாட்டு மருந்துக் கடைகளில் கட்டுக்கட்டாக விலைக்குக் கிடைக்கிறது. கட்டை அடுக்கும் நுணுக்கம் மறைந்ததில் எனக்குச் சிறிது வருத்தமுண்டு. குப்பத்துப் பெண்ணின் கையிலிருந்து கோணிப்பை நழுவியதில் சந்தோஷமே.