ஈரமண்ணின் காய்ச்சல்

இரணைமடுக் குளத்தின் கீழ் காலபோக விதைப்புத் தொடங்கினால் கிளிநொச்சி விவசாயியின் கால்கள் மாதக்கணக்கில் ஈரமண்ணிலேயே இருக்கும். அத்தகைய மண்ணில் வாழக்கூடிய பக்டீரியா ஒன்றைப் பற்றி, நான் வன்னியில் செய்தி சேகரித்த காலத்தில் எவரும் பேசிக் கேட்டதில்லை. அது உண்டாக்கும் நோய் மெலியொய்டோசிஸ். தோற்காயம், நீர், மூச்சு ஆகியவற்றின் வழியே உடலுக்குள் புகும். நீரிழிவு உள்ளவர்களையே பெரிதும் தாக்கும். நுரையீரலில் பற்றினால் சயரோகம் போலவே தோன்றும்.

இந்நோயை 1911இல் இரங்கூனில் பிரேத பரிசோதனைகளின்போது இனங்கண்டவர்கள் அல்பிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசுவாமியும். 'விட்மோர் நோய்' என்று ஒருவரின் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. மற்றவரை நம்மவர்களும் நினைப்பதில்லை. இலங்கையின் முதல் நோயாளி 1927இல் பதிவானார். அவர் ஓர் ஐரோப்பியத் தேயிலைத் தரகர். பின்னர் நெடுங்காலம் இது இங்கு அரிய நோயென்றே எண்ணப்பட்டது. 2006க்குப் பின்பு முறையாகத் தேடியபோதுதான் நாட்டின் பல பாகங்களிலும், நெல் விவசாயிகள் உட்பட, நோயாளிகள் கண்டறியப்பட்டனர்.

பென்சிலினும் ஜென்டமைசினும் இதற்குப் பயன்படா. உட்புகும் மருந்தை இப்பக்டீரியா வெளியே இறைத்துவிடும். நம் உயிரணுக்களுக்குள்ளும் ஒளிந்துகொள்ளும். தாய்லாந்தின் உபோன் ராச்சத்தானியில் நடந்த ஆய்வொன்று 1989இல் வெளிவந்தது. கடும் நோயாளிகளுள் பழைய மருந்துக்கூட்டைப் பெற்றவர்களில் 74 விழுக்காட்டினர் மாண்டனர். செப்டாசிடைம் ஊசி பெற்றவர்களில் 37 விழுக்காட்டினர். ஊசி முடிந்தபின்னும் கோ-ட்ரைமொக்சசோல் மாத்திரையை மூன்று மாதமேனும் உண்ண வேண்டும். இடையில் விட்டால் நோய் மீளக்கூடும். மலிவான இம்மாத்திரை இரு மருந்துகளின் சேர்க்கை. பக்டீரியா தனக்கு வேண்டிய போலேட்டை ஆக்கும் பாதையில் அடுத்தடுத்த இரு படிகளை அவை அடைக்கின்றன. இதனோடு டொக்சிசைக்கிளினையும் கொடுப்பது வழக்கமாயிருந்தது. கொடுக்காவிடினும் பயன் குறையவில்லை, பக்கவிளைவுகளே குறைந்தன என்று 2014இல் மற்றொரு தாய்லாந்து ஆய்வு காட்டியது. மருந்தைக் கூட்டிக்கொண்டே போவதுதான் முன்னேற்றம் என்போருக்கு இது நல்ல மறுப்பு.

1990களிலும், 2009இல் முடிந்த இறுதிப்போரிலும் வன்னிக்குச் சென்ற மருந்துகளுக்குக் கட்டுப்பாடு இருந்தது. இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் ஆய்வுகூட வசதி எளிதில் எட்டாத அந்நாட்களில், சயரோகம் என்றும் காய்ச்சல் என்றும் எழுதப்பட்ட மரணங்களுள் இந்நோய்க்குப் பலியானவர்களும் இருந்தார்களோ என்ற கேள்வி என்னை விட்டு அகலவில்லை. இன்று நிலைமை வேறு. நீடித்த காய்ச்சலோடு வரும் வயற்காரரிடம் நீரிழிவு உண்டா என்று வினவி, இரத்தத்தை வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்பினால், சில நாட்களில் விடை கிடைக்கக்கூடும்.