மேடைக் கவசமும் தைத்த கையும்
தீவகக் கூத்துடை பற்றிய ஒரு சமூகவியற் குறிப்பு

ஒல்லாந்தர் லைடன் எனப் பெயரிட்ட வேலணைத் தீவிலே, வேலணைக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியில் அமைந்த ஊர்களுள் ஒன்று சரவணை. அயலிலே நாரந்தனை, கரம்பொன் முதலிய ஊர்கள். நாட்டுக்கூத்தும் திருப்பாடுகளின் காட்சியும் இத்தீவக மக்களுக்குப் புதியனவல்ல. அத்தகைய மேடையில் தோன்றும் உரோம வீரனின் மார்புக் கவசத்தை யார் அளந்தார், யார் வெட்டினார், யார் தைத்தார் என்பதே இக்கட்டுரையின் வினா. கூத்தின் பாட்டையும் தாளத்தையும் ஆட்டத்தையும் ஆராய்ந்த அளவுக்கு, அதன் உடையில் உறைந்துள்ள உழைப்பை நாம் ஆராய்ந்தோமல்லோம்.

வினா பழையது. சங்கப் பாடல்களிலே ‘தோல்’ என்னும் சொல் கேடயத்தையும் குறிக்கும். மூலப்பொருளின் பெயரே படைக்கலத்தின் பெயராயிற்று. புறநானூற்றின் 13ஆம் பாடலில் அம்புகள் துளைத்த அரசனது கவசம் பேசப்படுகிறது; பழைய உரைகாரர் அதனைப் புலித்தோற் கவசமென்றே கொள்வர். அதே தொகையின் 82ஆம் பாடலிலோ, ஊரில் விழா, இல்லத்தில் மனைவிக்குப் பேறுகாலம், மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. இந்நிலையிலும் வாரினாற் கட்டில் பிணிக்கும் தொழிலாளியின் கை ஊசியின் விரைவே, போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் மற்போருக்கு உவமையாகிறது. அரசனின் வீரத்தை அளப்பதற்குத் தோற்றொழிலாளியின் திறன் வேண்டப்படுகிறது; ஆயின் அவனைச் சுட்டும் சொல்லோ ‘இழிசினன்’ என்பது. உழைப்பைப் போற்றி உழைப்பாளியை இழித்துரைக்கும் முரண்பாடு அன்றே வேரூன்றிவிட்டது.

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1658இல் ஒல்லாந்தர் அவர்களை வெளியேற்றினர். கத்தோலிக்க மதத்தோடு ஐரோப்பியப் பேரரசரும் புனிதப் போர்வீரரும் எமது கூத்துக்குட் புகுந்தனர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1964இற் பதிப்பித்த ‘என்றீக் எம்பரதோர்’ நாடகத்தின் பெயரிலுள்ள ‘எம்பரதோர்’ பேரரசனைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபே. 1965இல் தோற்றம்பெற்ற திருமறைக் கலாமன்றத்தின் திருப்பாடுகளின் நாடகங்கள் உரோம வீரனைப் பெருமேடைக்குக் கொணர்ந்தன. எனினும் நாம் படங்களிற் காணும் தோல் மார்புக்கவசத்தை உரோமப் படைவீரர் அணிந்தமைக்கான சான்றுகள் மிக அருகியவை. அவர்கள் பெரும்பாலும் இரும்பு வளையங்களாலும் உலோகத் தகடுகளாலும் ஆன கவசங்களையே அணிந்தனர். மேடையின் உரோமன் போர்க்களத்திலிருந்து வந்தவனல்லன். ஐரோப்பிய ஓவியத்திலிருந்தும் நாடக மேடையிலிருந்தும் வந்தவன்.

இனி ஆக்கமுறையை நோக்குவோம். உடலோடு பொருந்தும் தோற்கவசத்துக்குக் கடையில் அளவு கிடையாது. செய்பவரே வெட்டுமாதிரி வரைய வேண்டும். நடிகனின் உடலிலே பழந்துணியையோ தாளையோ சுற்றி, கழுத்து, தோள், இடுப்பு ஆகியவற்றைக் குறித்து, வெட்டி விரித்தாற் பாதி மாதிரி கிடைக்கும். அதை மடித்து வரைந்தால் மறுபாதி. உட்சட்டைக்கும் தோலின் தடிப்புக்கும் இடம்விட வேண்டும். மட்டையில் ஒத்திகை பார்த்த பின்னரே தோலில் கத்தி படலாம்; தவறாக வெட்டிய தோல் மீளாது. ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைகளாற் பதனிட்ட தோல், நீரில் நனைந்ததும் இளகி, வடிவிற் பொருத்தி நிழலில் உலர்த்தியதும் அவ்வடிவிலேயே விறைத்து நிற்கும். குரோம உப்பினாற் பதனிட்ட ஆலைத்தோலுக்கு இப்பண்பு குறைவு. மேலும், கூத்தன் பாடுபவன். உச்சத் தொனியில் மார்பு விரியும். ஆகவே முன்னும் பின்னும் தனித்தனித் துண்டுகளாகி, தோளிலும் விலாவிலும் வாரினாற் பிணைக்கப்படல் வேண்டும். அவனது மூச்சின் அளவு மாதிரியிலேயே பதிந்துவிடுகிறது.

அளப்பது என்பது தொடுவது. இங்கேதான் வரலாறு குறுக்கிடுகிறது. யாழ்ப்பாணத்திலே ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு மேலாடையும் செருப்பும் குடையும் மறுக்கப்பட்டிருந்தன. தோலைத் தொட்டவன் தீட்டுடையவன். அவன் செய்த பறையின் ஓசை வேண்டும், அவனது தொடுகை வேண்டா. தோற்கவசக் கலை இங்கே தனித்தொழிலாக வளராமைக்கு இதுவும் ஒரு காரணம் என்பது எமது கருத்து. ஆயினும் இதனை வரட்டுத்தனமாகக் கூறலாகாது. அம்பட்டரதும் வண்ணாரதும் சேவையை அதே சமூகம் ஏற்றது. தீண்டாமை தொடுகையை முற்றாகத் தடுக்கவில்லை, ஆதிக்கத்தின் தேவைக்கேற்ப ஒழுங்குபடுத்தியது. தோலின் விலை, உவர்க்காற்றிற் பூஞ்சணம் பிடிக்கும் அதன் இயல்பு, ஆண்டில் ஒருசில இரவுகளே ஆடும் கூத்தின் பொருளாதாரம் ஆகியனவும் கருதத்தக்கவை. எனவேதான் மட்டையும் துணியும் மினுங்கும் தாளும் தோலின் இடத்தைப் பிடித்தன.

1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் ஏட்டளவில் நின்றபோது, 1966 ஒக்டோபர் 21 எழுச்சி அதனைத் தெருவுக்குக் கொணர்ந்தது. சி. மௌனகுருவின் ‘சங்காரம்’, என். கே. ரகுநாதனின் ‘கந்தன் கருணை’ ஆகியவை அப்போராட்ட காலத்தின் உணர்வை மேடைக்குக் கொணர்ந்தன. தெருவிலே தோளிற் சால்வை இட முடியாதிருந்தவனின் வரலாறு மேடையேறியது. ஆனால் அவனது கைவினையின் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை.

1990ஆம் ஆண்டிலும் அதனைத் தொடர்ந்தும் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். ஓடும் வேளையிற் பிள்ளையைச் சுமப்பார்களா, கூத்துடைப் பெட்டியைச் சுமப்பார்களா? ஏட்டுப் பிரதிகளைத் தேடிப் பதிப்பித்த நாம், வெட்டுமாதிரிகளைத் தேடியதில்லை. பழுப்பேறிய ஒரு தாளில் வரைந்த தோட்கோடும் ஒரு மூலபாடமே. அதிலே நடிகனின் மார்பளவும் வரைந்தவரின் அறிவும் ஒருங்கே உள்ளன. சரவணையிலும் அயலூர்களிலும் எஞ்சியிருக்கும் உடைகளை அளந்து, அவற்றைச் செய்தோரின் வாய்மொழியைப் பதிவுசெய்தல் எமது உடனடிப் பணியாகும். பாடியவரின் பெயர் எழுதப்படும் பக்கத்திலே தைத்தவரின் பெயரும் எழுதப்படும்போதுதான் அது மக்களின் கலை வரலாறு ஆகும்.