அழும் விதவையும் அழாத மகனும்

1960 யூலைத் தேர்தலைப் பற்றி எதை வாசிச்சாலும் 'அழும் விதவை' என்ற பட்டம் வந்து நிற்கும். சிறிமாவோ பண்டாரநாயக்கவுக்கு எதிராளிகள் வைத்த பட்டம் அது.

கணவர் 1959 செப்டெம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1960 மார்ச் தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. டட்லி சேனநாயக்க அமைத்த அரசாங்கம் ஒரு மாதத்திலேயே நாடாளுமன்றத்தில் தோற்றது. மறுபடி தேர்தல் வந்தபோது சுதந்திரக் கட்சிக்குத் தலைமை தாங்கினவர் சிறிமாவோ. மேடைகளில் கணவரின் பழைய பேச்சுகளை ஒலிபரப்பினார்கள், அவவும் அழுதா. அனுதாபத்தைப் பயன்படுத்தவே இல்லை எண்டு நான் சொல்லவரேல்லை.

ஆனா எதிரில நிண்டது ஆர்? அதே டட்லி.

1952 மார்ச்சில், காலிமுகத்திடலில் குதிரையிலிருந்து விழுந்து பிரதமர் டி. எஸ். சேனநாயக்க இறந்தார். சேர் ஜோன் கொத்தலாவல தனக்குத்தான் பதவி எண்டு காத்திருக்க, ஆளுநர் நாயகம் சோல்பரி கூப்பிட்டது மகனை. அடுத்த இரண்டு மாதத்துக்குள்ள தேர்தல், ஐக்கிய தேசியக் கட்சிக்கு வெற்றி. தகப்பனின் சாவு அதில வாக்காக மாறேல்லையா? 'அழும் மகன்' எண்டு அவருக்கு ஒரு பட்டம் நிலைக்கேல்லை. 1953 ஓகஸ்ட் ஹர்த்தாலில் ஆட்கள் சுடப்பட்டுச் செத்த பிறகு, ஒக்டோபரில் உடல்நலக் குறைவோடு பதவி விலகினார். ஆம்பிளையளுக்கு அரசியல் சரிவராது எண்டு அதை வைத்து ஒருத்தரும் முடிவுகட்டேல்லை. ஏழு வருசத்தில திரும்பவும் பிரதமர் வேட்பாளர்!

டட்லிக்கு அனுபவம் இருந்தது உண்மைதான்: 1936 முதல் அரசாங்க சபையில் இருந்தவர், விவசாய அமைச்சராகவும் இருந்தவர். சிறிமாவோவும் 1941 தொடக்கம் லங்கா மகிளா சமிதியோடு கிராமம் கிராமமாகத் திரிந்தவ. அதை ஒருத்தரும் அரசியல் அனுபவமாக எண்ணவே இல்லை.

பிறகு ஆட்சியில் உறுதியாக நிண்டபோது, அமைச்சரவையிலேயே ஒரே ஆம்பிளை அவதான் எண்டு சொன்னார்கள். பாராட்டாம்.

தமிழராக எங்களுக்கு அவவில கோபப்பட நிறையக் காரணம் இருக்கு. 1961 சத்தியாக்கிரகத்துக்கு அவசரகாலச் சட்டமும் இராணுவமும். 1964இல் மலையக மக்களைக் கணக்குப்போட்டுப் பிரித்த சாஸ்திரி ஒப்பந்தம். அதுகளை விட்டுக்கொடுக்க ஏலாது. எங்கட அம்மப்பா 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் இருந்த ஆள். இண்டைக்கும் ஏச்சு "அந்தப் பொம்பிளை" எண்டுதான் தொடங்கும். 1956இல் தனிச்சிங்களச் சட்டம் கொண்டுவந்த கணவரையும் ஏசுவார், ஜே. ஆரையும் ஏசுவார். அப்ப மட்டும் பெயர் சொல்லித்தான் ஏசுவார்.

ஒருநாள் கேட்டேவிட்டன். கொஞ்சநேரம் யோசிச்சிட்டு, "அது வாயில வாறது பிள்ளை" எண்டு சொல்லிப்போட்டுப் பேப்பரை எடுத்தார்.