மோசுல்: மண் காத்து வைத்த அறிவு

ஈராக்கின் வடபால், டைகிரிஸ் ஆற்றின் கரையில் அமைந்தது மோசுல் மாநகர். அசீரியப் பேரரசின் தலைநகராக விளங்கிய நினிவேயின் மதிற்சுவடுகளை அதன் கீழ்க்கரையில் இன்றும் காணலாம். 2014 முதல் 2017 வரை மூண்ட போரில் மேற்கரையிலிருந்த பழைய நகரம் பெரும்பகுதி அழிந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுந்த நூரிப் பெரும் பள்ளிவாசலும், 'கூனல்' என மக்கள் அன்புடன் அழைத்த அதன் சாய்ந்த கோபுரமும் 2017 சூனில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன.

இடிந்ததை அள்ளிக் கொட்டிவிட்டுப் புதுநகர் எழுப்புவது எளிது. ஆயினும், 2018-இல் யுனெஸ்கோ தொடங்கிய பணி வேறு வழியில் சென்றது. முதலில் வெடிகளை அகற்றினர். பழைய செங்கற்களைப் பொறுக்கிச் சேர்த்தனர். மண்ணையும் அகழ்ந்து பார்த்தனர். தொழுகை மண்டபத்தின் அடியில் யாரும் அறியாதிருந்த நான்கு அறைகள் வெளிப்பட்டன. தொழுகைக்கு முன் கைகால் கழுவும் இடமாக அவை இருந்திருக்கலாம் என ஆய்வாளர் கருதினர். அவற்றை மூடிவிடாமல், காண்போர் காணுமாறு கட்டட அமைப்பையே மாற்றினர். 2025-இல் பள்ளிவாசலும் கோபுரமும் மீண்டும் திறக்கப்பெற்றன.

கோடையில் 45 டிகிரியையும் கடக்கும் வெயில் அந்நகருக்குப் புதிதன்று. தடித்த கற்சுவர், சுண்ணச் சாந்து, நடுவே முற்றம், நண்பகலில் ஒதுங்க நிலவறை, நிழல் விழும் குறுந்தெரு ஆகியவையே முன்னோர் கண்ட மாற்று. முற்றத்தின் அருமை நமக்குச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. அத்தகைய வீடுகள் நூற்றுக்கும் மேற்பட்டவை பழைய முறையிலேயே புதுப்பிக்கப்பட்டன. கைப்பொருளற்றோரோ கிடைத்த சிமென்ட் கல்லை அடுக்கிக் குடிபுகுந்தனர். அவர்களைக் குறைகூறுதல் தகாது. குளிர்ந்த வீடு வசதியுள்ளோர்க்கு மட்டுமே வாய்க்குமாயின் அந்த மறுகட்டுமானம் நிறைவுடையதாகாது.

ஆறும் ஓர் எச்சரிக்கை தந்தது. கடும் வறட்சியால் மோசுல் அணையின் நீர் வற்றவே, 2022-இன் தொடக்கத்தில் சுமார் 3,400 ஆண்டுப் பழமையுடைய நகரொன்று வெளித்தெரிந்தது. ஆய்வாளர் விரைந்து அகழ்ந்தனர். நூற்றுக்கும் மேற்பட்ட களிமண் ஏடுகள் கிடைத்தன. நீர் மீண்டும் ஏறுமுன் சுவர்களைப் போர்த்திச் சரளை பரப்பிக் காத்தனர். தொல்லியலார் மகிழ்ந்த அதே வறட்சி உழவர்க்குப் பெருந்துயர் அன்றோ!

பழமையைப் போற்றுதல் வேறு, வருங்காலத்துக்கு வீடு கட்டுதல் வேறு என்று நாம் எண்ணிப் பழகியுள்ளோம். இரண்டும் ஒரே பணி என்பதை மோசுல் காட்டுகிறது. வெயிலுக்கு விடை கண்டவர்கள் அம்மண்ணிலேயே வாழ்ந்திருக்கிறார்கள். கட்டுவோர் முதலில் அவர்களைக் கேட்டல் வேண்டும்.