ஜீத் போர் அருங்காட்சியகம், காஞ்சனபுரி

ஜீத் போர் அருங்காட்சியகம் தாய்லாந்தின் காஞ்சனபுரி நகரில் உள்ள சிறிய நினைவு அருங்காட்சியகம். இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானிய ராணுவம் அமைத்த சயாம்-பர்மா ரயில்பாதையில் துன்புற்று இறந்தவர்களின் நினைவாக 1977-ல் நிறுவப்பட்டது. தமிழர்கள் 'சயாம் மரண ரயில்' என்று அழைக்கும் இப்பாதையின் பணியில், மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள் மாண்டனர். மலேசியத் தமிழர் வரலாற்றின் பெருந்துயரம் இது. ஆனால் அருங்காட்சியகத்தின் பெயரிலேயே அவர்களுக்கு இடமில்லை.

அமைப்பு

குவாய் யாய், குவாய் நொய் என்னும் இரு ஆறுகள் கூடி மேக்லாங் ஆறாகும் இடத்துக்கு அருகே வாட் சாய் சும்போன் என்ற பௌத்த மடாலயம் உள்ளது. அருங்காட்சியகம் இதன் வளாகத்தில், ஆற்றங்கரையில் அமைந்துள்ளது. மடாலயத்தின் தலைமைத் துறவியே இதை உருவாக்கினார்.

போர்க் கைதிகள் தங்கவைக்கப்பட்ட முகாமைப் போல மூங்கிலால் கட்டப்பட்ட நீண்ட கொட்டகைதான் இதன் முதன்மைப் பகுதி. உள்ளே தரையிலிருந்து சற்று உயரத்தில் நீளமான மூங்கில் பரண் இருக்கிறது. ஒருவர் படுப்பதற்கு மட்டுமே போதுமான இடத்தில் கைதிகள் நெருக்கியடித்துக் கிடந்த நிலையை அது காட்டுகிறது. சுவர்களில் புகைப்படங்கள், செய்தித்தாள் நறுக்குகள், கைதிகள் வரைந்த சித்திரங்களின் படிகள் ஆகியவை மாட்டப்பட்டுள்ளன. பழைய ஆயுதங்களும் வைக்கப்பட்டுள்ளன. நுட்பமான ஒளியமைப்போ, பதிவுசெய்த விளக்கவுரையோ தேவைப்படாத எளிய இடம். அரை மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம்.

காஞ்சனபுரியில் பாலத்தருகே வேறொரு தனியார் போர் அருங்காட்சியகமும் உள்ளது. இரண்டையும் ஒன்றெனக் கருதிக் குழப்பிக்கொள்வோர் உண்டு.

பெயர்

'ஜீத்' என்பது தாய்மொழிச் சொல் அல்ல. ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும், தாய்லாந்து, ஹாலந்து ஆகிய நாடுகளின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துக்களைக் கோத்து உருவாக்கப்பட்டது. சாவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தை மட்டும் மாற்றினால் இப்பெயர் கிடைக்கும்.

இந்த ஐந்து எழுத்துக்களில் இந்தியாவும் மலாயாவும் பர்மாவும் ஜாவாவும் இல்லை. ஆனால் இப்பாதையில் வேலை செய்தவர்களில் பெரும்பான்மையினர் இந்நாடுகளைச் சேர்ந்தவர்களே. இறந்தவர்களில் பெரும்பான்மையினரும் அவர்களே.

ரயில்பாதை

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. தொடர்ந்து பர்மாவையும் ஜப்பான் கைப்பற்றியது. பர்மாவில் இருந்த படைகளுக்கு மலாக்கா நீரிணை வழியாகப் பொருட்களை அனுப்புவது நேச நாடுகளின் நீர்மூழ்கிக் கப்பல்களால் ஆபத்தானதாக இருந்தது. எனவே தாய்லாந்தின் பான்போங் பகுதியிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை மலைக்காடுகளின் ஊடே 415 கிலோமீட்டர் ரயில்பாதை அமைக்க முடிவாகியது. 1942-ல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது.

1943-ன் தொடக்கத்தில் வேலையை விரைந்து முடிக்க ஆணை வந்தது. பாறைகளைக் கையால் உடைத்து, மண்ணைக் கூடையில் சுமந்து, இரவிலும் வேலை நடந்தது. அவ்வாண்டின் மழைக்காலத்தில் முகாம்களில் காலரா பரவியது. மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் ஆறாத காற்புண்களும் எஞ்சியவர்களைக் கொன்றன.

தோட்டங்களிலிருந்து சென்றவர்கள்

மலாயாவின் தோட்டத் தமிழர்களில் பலர் திருச்சி, தஞ்சாவூர், சேலம், வடஆர்க்காடு, தென்னார்க்காடு ஆகிய மாவட்டங்களிலிருந்து குடிபெயர்ந்தவர்கள் அல்லது அவர்களின் பிள்ளைகள். தென்னார்க்காட்டில் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கம் 1957-ல் தோண்டப்படுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, அம்மாவட்டத்தின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிகள் வழியாக ஆட்கள் கப்பலேறினர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறி பினாங்கில் இறங்கினர். 1938-ல் இந்திய அரசு இவ்வாறு ஆளனுப்புவதைத் தடைசெய்தது. நான்காண்டுகளுக்குள் அங்கிருந்தவர்கள் போரில் சிக்கினர்.

போரால் ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டங்களில் வேலையில்லாமல் போனது. அரிசித் தட்டுப்பாடு கடுமையாகியது. சில மாத வேலை, நல்ல கூலி, உணவு என்று சொல்லி முதலில் ஆள் சேர்த்தனர். சென்றவர்கள் திரும்பாததும், வந்த செய்திகளும் தோட்டங்களில் அச்சத்தை விதைத்தன. அதன்பின் கட்டாயப்படுத்தி ஆள் பிடித்தனர். இலவசத் திரைப்படம் என்று கூட்டி அரங்கிலிருந்தே லாரியில் ஏற்றிச் சென்றதை உயிர்பிழைத்தவர்கள் பலர் நினைவுகூர்ந்துள்ளனர். மலாயாவிலிருந்து மட்டும் 75,000-க்கும் மேற்பட்டவர்கள் அனுப்பப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மூடிய சரக்குப் பெட்டிகளில் பான்போங் சென்று, அங்கிருந்து காட்டுக்குள் நடத்திக் கூட்டிச்செல்லப்பட்டனர். சிலர் மனைவி மக்களுடன் சென்றனர்.

எண்ணப்பட்டவர்களும் எண்ணப்படாதவர்களும்

60,000-க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் இப்பாதையில் வேலை செய்தனர். 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 2 லட்சம். அவர்களில் இறந்தவர்கள் சுமார் 90,000 பேர் என்பது பரவலாக எடுத்தாளப்படும் கணக்கு. முதல் கணக்கு பெயர்ப்பட்டியலிலிருந்து வருவது. இரண்டாவது வெறும் மதிப்பீடு.

இந்த வேறுபாட்டுக்குத் தெளிவான காரணங்கள் உண்டு. கைதிகள் ராணுவ அமைப்பாகவே இருந்தனர். அவர்களுடன் அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தனர். ஆஸ்திரேலிய மருத்துவர் எட்வர்ட் டன்லப் ரகசியமாக நாட்குறிப்பு எழுதினார். ஆங்கிலேய ஓவியர் ஜாக் சாக்கர் முகாம் காட்சிகளை வரைந்து ஒளித்துவைத்தார். இறந்தவரைப் புதைத்த இடத்தைத் தோழர்கள் குறித்துவைத்தனர். 1945-ல் போர் முடிந்ததும் தேடுதல் குழு ஒன்று ரயில்பாதை நெடுகச் சென்று 10,000-க்கும் மேற்பட்ட கைதிகளின் கல்லறைகளைக் கண்டறிந்தது. காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 7,000 பேர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். பெரும்பாலான கற்களில் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள் ஆகியவை பொறிக்கப்பட்டுள்ளன.

தோட்டத் தொழிலாளர்களுக்கு அதிகாரிகள் இல்லை. மருத்துவர் மிக அரிது. பெரும்பாலோர் எழுதப் படிக்க அறியாதவர்கள். காலராவில் இறந்தவர்களைக் குழிகளில் மொத்தமாகத் தள்ளி மூடினர். அவர்களைத் தேடி எந்தக் குழுவும் செல்லவில்லை. ஜீத் அருங்காட்சியகத்தின் சுவரில் தமிழர் வரைந்த சித்திரம் இல்லாததற்குக் காரணம் மடாலயத்தின் பாரபட்சம் அல்ல. சுவரில் மாட்டத்தக்க எதையும் விட்டுச்செல்லும் வாய்ப்பு அவர்களுக்கு இருக்கவில்லை. 1957-ல் டேவிட் லீன் இயக்கத்தில் வெளிவந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' திரைப்படம் இந்த ரயில்பாதையை உலகறியச் செய்தது. அதுவும் போர்க் கைதிகளின் கதையையே சொன்னது.

1990-ல் காஞ்சனபுரியில் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானவர்களின் எலும்புகள் கிடைத்தன. அவை ஆசியத் தொழிலாளர்களுடையவை எனக் கருதப்படுகிறது. எவருடையது என்று ஓர் எலும்புக்கும் பெயர் சொல்ல முடியவில்லை.

தமிழ் பொறிக்கப்பட்ட கல்

போர்க்காலத்திலேயே தமிழில் எழுதப்பட்ட நினைவுக்கல் ஒன்று காஞ்சனபுரியில் உண்டு. அதை வைத்தது ஜப்பானிய ராணுவம். பாதை முடிந்தபின், 1944-ல், பணியில் இறந்தவர்களுக்காகப் பாலத்துக்கு அருகே ஒரு நினைவுத்தூணை எழுப்பியது. அதைச் சுற்றியுள்ள பலகைகளில் பல மொழிகளில் அஞ்சலி வாசகங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று தமிழ். அந்த மக்களைச் சாகும்வரை வேலை வாங்கியவர்களே அவர்களின் மொழியில் முதல் அஞ்சலியையும் எழுதினர்.

போர்க் கல்லறைத் தோட்டத்தை அடுத்துள்ள வாட் தாவோர்ன் ஆலயத்தில், தோண்டியெடுக்கப்பட்ட தொழிலாளர்களின் எலும்புகள் 1950-களில் ஒரு தூபியின் கீழ் வைக்கப்பட்டன. நெடுங்காலம் அதைத் தேடிவந்த தமிழர்கள் குறைவு.

நினைவு மீட்பு

திரும்பிவந்தவர்கள் தங்கள் அனுபவங்களைத் தோட்டத்து லயங்களில் சொன்னார்கள். அந்த வாய்மொழி நினைவுகளே பின்னர் இலக்கியத்துக்கு அடிப்படையாயின. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய மலேசியத் தமிழ் நாவல்கள் இந்நிகழ்வைப் பதிவுசெய்தவை. இறந்தோரின் வழித்தோன்றல்களும் மலேசிய ஆர்வலர்களும் உயிர்பிழைத்தவர்களின் வாக்குமூலங்களைச் சேகரித்தனர். 2023 மே மாதம் காஞ்சனபுரியில் தமிழர்களுக்கான நடுகல் நிறுவப்பட்டது.

போரில் இறந்தவனுக்கு ஊரார் கல் நட்டு அதில் பெயரையும் பீடையும் பொறிப்பது சங்ககாலம் முதலான தமிழ் வழக்கம். காஞ்சனபுரியின் நடுகல்லில் பொறிப்பதற்குத் தனித்தனிப் பெயர்கள் இல்லை. 80 ஆண்டுகளுக்குப் பின் எல்லோருக்குமாக ஒரே கல். ஜீத் அருங்காட்சியகத்தின் மூங்கில் கொட்டகையைப் பார்ப்பவர்கள் அங்கிருந்து கல்லறைத் தோட்டத்துக்கும், அதை அடுத்த ஆலயத்துக்கும் சென்றால்தான் சயாம் ரயிலின் வரலாறு முழுமையாகும்.