சுவரும் உலையும்

கோடியக்கரைச் சிவனான கோடிக்குழகரைப் பாட வந்த சுந்தரர், அயலில் குடியே இல்லாத கடற்கரையில் இப்படித் தனித்திருக்கிறாயே என்று இறைவனிடமே கேட்டார். அந்தக் கோடியக்கரையிலிருந்து கரையோரமாகவே வடக்கே போனால் வேளாங்கண்ணி. ஆகஸ்டு 29இல் கொடியேறிச் செப்டம்பர் 8இல் நிறைவுறும் மாதா திருவிழாவுக்குக் காவி உடுத்தி நடந்து வருவோரிடம் ‘ஞானஸ்நானம் ஆயிற்றா?’ என்று யாரும் கேட்பதில்லை.

சபைக்கு உள்ளே யார், வெளியே யார் என்ற இந்தக் கேள்வியைத்தான் மேலைநாட்டில் 1990களின் இறுதியில் எழுந்த ‘எமர்ஜிங் சர்ச்’ இயக்கம் கையிலெடுத்தது. பிரசங்கத்தைவிட உரையாடல் பெரிது, கோட்பாட்டைவிட உறவு பெரிது என்றார்கள் பிரையன் மெக்லாரன் போன்றோர். பெருங்கதையாடல்கள் மீதான அவநம்பிக்கை என்று லியோதார் 1979இல் இனங்கண்ட பின்நவீன மனநிலையே இதன் விளைநிலம். உண்மை என்ற ஒன்றையே இவர்கள் நீர்த்துப்போகச் செய்கிறார்கள் என்று டி. ஏ. கார்சன் 2005இல் ஒரு நூலே எழுதி மறுத்தார்.

நமக்கு இது முற்றிலும் புதிதன்று. ஞானஸ்நானம் பெறாமல், சபையில் சேராமல் இயேசுவை வழிபடும் தமிழகத்தாரைப் பற்றி ஹெர்பர்ட் ஹோஃபர் எழுதிய ‘சபையில்லாக் கிறிஸ்தவம்’ என்னும் ஆங்கில ஆய்வு 1991இலேயே சென்னை குருகுலம் இறையியல் கல்லூரியிலிருந்து வந்தது. வழிபாட்டின் வடிவத்தை மாற்றியதிலும் காவிரிக்கரை முந்திக்கொண்டது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) குறவஞ்சியையும் கீர்த்தனையையும் கிறிஸ்துவுக்காக்கினார். ஆனால் சபைக்குள் சாதி கூடாது என்று 1833இல் பேராயர் டேனியல் வில்சன் ஆணையிட்டபோது தஞ்சையில் எதிர்ப்பு மூண்டது. சாஸ்திரியாரும் சாதி வழக்கத்தின் பக்கமே நின்றார். பாட்டு மாறியது; பந்தி மாறவில்லை. சாதிகளைப் பிரித்து உட்கார்த்துவதற்காகவே இரண்டு கூடங்களோடு வடக்கன்குளம் தேவாலயம் கட்டப்பட்டதும், அதன் இடைச்சுவர் 1910இல்தான் இடிபட்டதும் வரலாறு.

எனவே ‘எமர்ஜிங் சர்ச்’ வழிபாட்டின் மெழுகுவத்தியும் வட்டமாகப் போட்ட நாற்காலியும் நமக்கு உரைகல் ஆகா. உரைகல்லைத் தந்தவர் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியின் ‘பரட்டை’ என்று அறியப்பட்ட தியாப்பிலஸ் அப்பாவு (1940–2005). சாவுக்கு அடிப்பது என்று ஒதுக்கப்பட்ட பறையையும் நாட்டுப்புற மெட்டையும் அவர் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். அதோடு நிற்காமல் ‘ஒரே உலை’ என்றார். கூட்டுக்குடும்பம் பிரிந்தால் ‘உலை பிரிந்தது’ என்பது நம் வழக்கு. அதைத் திருப்பிப் போட்டார் அவர்: அவரவர் வீட்டு அரிசி ஒரு பானையில் விழுந்து வெந்துவிட்டால், எந்தப் பருக்கை எந்தத் தெருவினுடையது என்று பிரிக்க முடியாது. திருவிருந்துக்கு இதைவிட நல்ல விளக்கவுரை வேண்டுமா?

பின்நவீனத்துவத்தைத் தமிழில் பேசிய ‘நிறப்பிரிகை’ இதழ், 1990களில் அதைத் தலித் அரசியலோடு சேர்த்தே பேசியது. அந்தச் சேர்க்கைதான் மேலை இயக்கத்தில் மெலிவு. எல்லா உண்மையும் ஒரு பார்வைக் கோணமே என்றால், கல்லறைத் தோட்டத்தில் எழுப்பிய சாதிச் சுவரும் ஒரு கோணம் என்றாகிவிடும். அதிகாரத்தின் பெருங்கதையை ஐயுறலாம். நீதியை ஐயுற முடியாது.

சபைகளுக்கு ஒரு வேண்டுகோள்: புதிய வழிபாட்டு முறையைத் தேடுமுன், உங்கள் ஊரில் உலை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.